கம்பெனி ஓடிடுமா?

போன சனிக்கிழமை சாயங்காலம், சத்துவாச்சாரியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, மாவுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே என்னைக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இந்தக் கம்பெனி ஓடிடுமா?" அதற்கு முன்னால் அரை மணி நேரம் போனில் படமெல்லாம் காட்டி, மியூச்சுவல் ஃபண்டில் மாசம் ஆயிரம் போட்டால் பத்து வருஷத்தில் இவ்வளவு, பதினைந்து வருஷத்தில் இவ்வளவு என்று பேசியிருந்தேன். அதில் ஒன்றுகூட அவர் காதில் ஏறவில்லை. ஏறவேண்டிய அவசியமும் இல்லை. எவ்வளவு வரும் என்பதைத்தான் ஊர்ப் பணத்தை வாரிக்கொண்டு ஓடின காட்பாடிக் கம்பெனிக்காரன் எங்கள் ஊருக்கே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனானே.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ஊர் பாஷையில் ஏஜெண்ட். பலபேர் பணத்தை ஒன்றாகச் சேர்த்துப் பங்கிலோ கடன் பத்திரத்திலோ போடுவதுதான் மியூச்சுவல் ஃபண்ட். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், ஆர்டர் குறைந்து ஆள் குறைத்தபோது வெளியே வந்து, இதற்கான என்ஐஎஸ்எம் பரீட்சை எழுதி, ஏஆர்என் என்ற பதிவு நம்பர் வாங்கி, எட்டு வருஷமாகப் பாகாயத்திலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும் டூவீலரில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் நான் சொல்வதில் என் பிழைப்பும் கலந்திருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

"லட்சம் குடுத்தா மாசம் எட்டாயிரம்." இதுதான் அந்தக் கம்பெனியின் மொத்தத் திட்டமும். என்ன வியாபாரம் செய்து எட்டாயிரம் தருகிறான் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கவேண்டிய நாற்காலியில் சொந்தக்காரன் உட்கார்ந்திருந்தான். என் சித்தப்பா மகனே ஒரு ஏஜெண்ட். வாத்தியார் ஏஜெண்ட், கண்டக்டர் ஏஜெண்ட், கோயில் கமிட்டித் தலைவர் ஏஜெண்ட். முதல் ஆறேழு மாசம் தேதி தவறாமல் பணம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நகையை அடகு வைத்தார்கள், பி.எஃப். பணத்தை எடுத்தார்கள், பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை "ஆறு மாசம் தானே" என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022இல் ஷட்டர் இறங்கியது. அப்புறம் பொருளாதாரக் குற்றப்பிரிவு, மனு, ஜெராக்ஸ் கடையில் கூட்டம். கம்பெனி கொடுத்த பாண்டு பேப்பரை லேமினேட் போட்டு வைத்திருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். இன்றைக்கும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருந்தது, இருபத்துநாலு சதவீதம், முப்பது சதவீதம் என்று போர்டு வைத்து. அவை வரிசையாக மூடிய பிறகுதான் 1997இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச்சட்டமே கொண்டுவந்தது. எங்கள் நைனாவின் நாற்பதாயிரமும் அப்போது அதில் ஒன்றில் போனது. 2001 ஜூலையில் ஒருநாள் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, "கவர்மெண்டு நடத்தறதே நின்னுபோச்சாம்" என்று ஒருவிதத் திருப்தியோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது. அரசு சார்ந்த யூனிட் டிரஸ்ட் நடத்திய யூ.எஸ்.64 என்ற ஃபண்டைப் பற்றிய செய்தி அது.

அந்தக் கதை தெரியாமல் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். 1964இல் ஆரம்பித்த திட்டம். 1987 வரைக்கும் இந்தியாவில் யூனிட் டிரஸ்டை விட்டால் வேறு மியூச்சுவல் ஃபண்டே கிடையாது, ரிட்டயர்டு ஆனவர்கள் பேங்க் டெபாசிட் மாதிரி நினைத்து வாங்கி வைத்தார்கள். ஆனால் யூனிட்டின், அதாவது போட்ட பணத்துக்குத் தருகிற துண்டின், விலையை அவர்களே தீர்மானித்தார்கள். உள்ளே இருக்கிற பங்குகளை இன்றைக்கு விற்றால் எவ்வளவு தேறும் என்ற கணக்கு அந்த விலையில் தெரியாது. சந்தை சரிந்தபோது வெளியே எழுதிய விலைக்கும் உள்ளே இருந்த சரக்குக்கும் பொருத்தமே இல்லாமல் போக, ஆறு மாசத்துக்கு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அரசாங்கம் உள்ளே வந்து, 2003இல் யூனிட் டிரஸ்டையே இரண்டாகப் பிரித்து, யூ.எஸ்.64 வைத்திருந்தவர்களுக்கு 6.75 சதவீத வரியில்லாப் பத்திரம் கொடுத்து முடித்தது. பணம் ஒரேயடியாகத் தொலையவில்லை, சரி. ஆனால் நைனா அதற்குப் பிறகு போஸ்ட் ஆபீஸைத் தவிர வேறு வாசற்படி மிதிக்கவில்லை. அவரைத் தப்புச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு ஃபண்டும் தினம் ராத்திரி அன்றைய விலையை, அதாவது என்ஏவியை, வெளியிட்டே ஆகவேண்டும். உள்ளே எந்தப் பங்கு எத்தனை இருக்கிறது என்று மாசாமாசம் பட்டியல் போட வேண்டும். 1993இல் தனியாருக்குக் கதவைத் திறந்தபோது (முதலில் வந்த கோத்தாரி பயனியர் நம்ம சென்னைக் கம்பெனிதான்) பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி விதிமுறை எழுத ஆரம்பித்து, 1996இல் அதை முழுசாகத் திருத்தி எழுதியது. இதையெல்லாம் இட்லிக் கடையில் நின்று சொல்ல முடியுமா? முடியாது. அதனால் நான் ஒரு வேலை செய்வேன். அன்றைக்கும் அதையே செய்தேன்.

"அக்கா, செக் புக் கீதா?"

கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்து எடுத்து வந்தார். பயன்படுத்தாத செக், ஓரத்தில் எண்ணெய்க் கறை. "இதுல யார் பேரு எழுதணும்னு இந்த ஃபாரத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்க" என்றேன். கண்ணாடி தேடி, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஃபண்டின் பெயர். "என் பேரு எங்கயாச்சும் கீதா?" இல்லை. "பணம் உங்க கணக்கில இருந்துதான் போகும், வேற யார் கணக்கில இருந்து அனுப்பினாலும் வாங்க மாட்டாங்க. திரும்பி வந்தாலும் உங்க கணக்குக்குத்தான் வரும். நடுவுல நான் பத்து ரூபா தொட முடியாது." அவர் கொஞ்ச நேரம் ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்று கேட்டார், எட்டு வருஷத்தில் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை: "சரி, நீ ஓட மாட்ட. அவன் ஓடினா?"

நல்ல கேள்வி. நாள் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் நாலு கட்டம் போட்டேன். பணத்தை நிர்வாகம் பண்ணுகிற கம்பெனி ஒன்று. அந்தக் கம்பெனி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க டிரஸ்டீகள். வாங்கின பங்குகளைப் பூட்டி வைத்திருக்க கஸ்டோடியன் என்று தனியாக ஒருத்தர். யாருக்கு எத்தனை யூனிட் என்று கணக்கு எழுத ரெஜிஸ்டிரார் (இந்தக் கணக்குப்பிள்ளை வேலையை நாட்டில் பெரும்பாலும் செய்வது இரண்டே கம்பெனிகள், அதில் கேம்ஸ் சென்னைக்காரர்கள்). சாவி ஒருத்தரிடம், கணக்கு நோட்டு இன்னொருத்தரிடம், எதை வாங்கலாம் விற்கலாம் என்று சொல்கிற வாய் மட்டும் கம்பெனியிடம். காட்பாடிக்காரனிடம் மூன்றும் ஒரே மேசை டிராயரில் இருந்தன.

கம்பெனிகள் உண்மையிலேயே போயிருக்கின்றன. கோத்தாரி பயனியர் 2002இல் பிராங்க்ளின் டெம்பிள்டனோடு சேர்ந்தது. ஃபிடெலிட்டி 2012இல் கடையைக் கட்டிக்கொண்டு எல் அண்ட் டியிடம் கொடுத்துவிட்டுப் போனது, அந்த எல் அண்ட் டி 2022இல் எச்எஸ்பிசியிடம் போனது. மார்கன் ஸ்டான்லி 2014இல் எச்டிஎஃப்சிக்கு விற்றது. ஒவ்வொரு தடவையும் போர்டு மாறியது, ஸ்டேட்மெண்டில் லோகோ மாறியது, உள்ளே இருந்த யூனிட் அப்படியே அடுத்தவன் நிர்வாகத்துக்குப் போனது. வீட்டுக்கு வாட்ச்மேன் மாறின மாதிரி.

இதைச் சொன்னால் உடனே "அப்ப நஷ்டமே வராதா?" என்பார்கள். வரும். நன்றாகவே வரும். இறங்குவது வேறு, ஓடுவது வேறு, இந்த ஒன்றைப் பிரித்துச் சொல்லத்தான் எட்டு வருஷமாக நாக்கு தேய்கிறது. காட்பாடிக் கம்பெனியில் பணம் ஒருநாளும் இறங்கவில்லை, கவனித்தீர்களா? மாசாமாசம் எட்டாயிரம், மழையோ வெயிலோ, நேர்கோடு மாதிரி. அப்புறம் ஒரேயடியாக இல்லை. மியூச்சுவல் ஃபண்டோ தினமும் ஏறி இறங்கித் தொலைக்கும். 2020 மார்ச் 23, கொரோனா பயத்தில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த போன்களை எண்ணவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர், மூன்று வருஷ சேமிப்பு, "எல்லாத்தையும் எடுத்துடு" என்று கத்தினார். அவருக்கு ஆன்லைன் தெரியாது, ஃபாரத்தில் கையெழுத்து வேண்டும். மறுநாள் ராத்திரியோடு நாடே ஊரடங்கு. அவர் ஆம்பூரில், நான் வேலூரில், நடுவில் போலீஸ். ஃபாரத்தோடு நான் போய்ச் சேர்ந்தபோது ஜூன் முடிந்திருந்தது, அதற்குள் விழுந்ததில் பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்ததால் அவரே வேண்டாம் என்றுவிட்டார். இப்போது ஊரெல்லாம் "தம்பிதான் காப்பாத்திச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் மறுக்கவில்லை, பிழைப்பு.

ஓடாமல், இறங்காமல், நடுவில் மாட்டிக்கொள்கிற மூன்றாவது வகையும் உண்டு. 2020 ஏப்ரல் 23இல் பிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை (இங்கிலீஷில் டெட் ஃபண்ட்) ஒரே ராத்திரியில் மூடியது. ரேட்டிங் குறைந்த கம்பெனிகளுக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுத்த பணம், எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்க, விற்க ஆள் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தவணை தவணையாகப் பணம் திரும்பியது, கடைசியில் கூட்டிப் பார்த்தால் மூடிய அன்றைய மதிப்பைவிட அதிகமாகவே வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருந்தவனுக்கு ஒன்றரை வருஷம் கழித்து வந்த பணத்தால் என்ன லாபம்? அதனால் "டெட் ஃபண்ட்னா பத்திரம்" என்று நானே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன்.

டிவியில் விளம்பரம் வருமே, சிரித்த முகமாக ரெண்டு பேர் பேசுவார்கள், கடைசியில் ஒருத்தர் மூச்சு விடாமல் "மியூச்சுவல் ஃபண்டு முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை" என்று எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓட்டுவார். அந்த விளம்பரத்திலேயே முக்கியமான வாக்கியம் அதுதான், அதைத்தான் யாருக்கும் புரியக்கூடாது என்பதுபோல் சொல்கிறார்கள். பொய் சொன்னவன் நிதானமாக, காபி வாங்கிக்கொடுத்து, முகம் பார்த்துச் சொன்னான். எங்கள் ஆட்களோ உண்மையை ஓட்டமாக ஓடிக்கொண்டே சொல்கிறார்கள். யாரை நம்புவார்கள்?

அம்மாவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் வாங்கும் பேங்கில் டெபாசிட் முதிர்ந்தது, கவுண்டரில் டை கட்டிய பையன், "அதே மாதிரிதாம்மா, கொஞ்சம் ஜாஸ்தி வரும், புதுசா வந்திருக்கு, பத்து ரூபாதான் யூனிட், சீப்பா கீது" என்று கையெழுத்து வாங்கிவிட்டான். பெற்ற பிள்ளை இதே தொழிலில் இருக்கிறான், அம்மா என்னிடம் கேட்கவில்லை! கேட்டால் திட்டுவேனாம். ஒரே ஒரு துறையில் போடுகிற புது ஃபண்ட் அது, எழுபது வயசுக்காரிக்கு. பத்து ரூபாய் யூனிட் மலிவு, ஐந்நூறு ரூபாய் யூனிட் விலை ஜாஸ்தி என்பதைப்போல ஒரு ஏமாற்று வேறில்லை. ஐயாயிரம் ரூபாயை ஐந்நூறு துண்டாக வெட்டினாலும் பத்துத் துண்டாக வெட்டினாலும் ஐயாயிரம்தான், வளர்வது உள்ளே இருக்கிற சரக்கைப் பொறுத்தது. பையனிடம் சண்டைக்குப் போனேன். அந்த மாசம் அவனுக்கு டார்கெட்டாம், கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டான், திரும்பி வந்துவிட்டேன்.

கமிஷன் பற்றிக் கேட்பீர்கள், நானே சொல்கிறேன். 2009 ஆகஸ்டுக்கு முன்னால் நீங்கள் நூறு ரூபாய் போட்டால் 2.25 ரூபாய் வரை நுழைவுக் கட்டணமாக முதலிலேயே பிடித்து ஏஜெண்டுக்குக் கொடுத்தார்கள். செபி அதை நிறுத்தியது. எனக்கு முன்னால் இருந்த பலபேர் அன்றோடு பையைச் சுருட்டிக்கொண்டு இன்ஷூரன்ஸ் பக்கம் போய்விட்டார்கள், அங்கே முதல் வருஷ பிரீமியத்திலேயே 35 சதவீதம் வரை கிடைத்தது. இப்போது என் வாடிக்கையாளரின் ஒரு லட்சம் ஃபண்டில் இருக்கிற வரைக்கும் எனக்கு வருஷத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வரும். அது ஃபண்டின் செலவுக் கணக்கில் சேர்ந்து தினமும் துளித்துளியாக என்ஏவியில் கழிகிறது, கண்ணுக்குத் தெரியாது. நான் வேண்டாம் என்றால் 2013 ஜனவரியிலிருந்து 'டைரக்ட்' என்று ஒரு வழி இருக்கிறது, ஏஜெண்ட் இல்லாமல் நேரே போடலாம், செலவு குறைவு. மாசம் ஐயாயிரம், இருபது வருஷம், 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 50 லட்சம், என்னைப்போல ஒருவனுக்கு வருஷம் 0.8 சதவீதம் போய் 11.2 என்று வைத்தால் சுமார் 45 லட்சம். அந்த ஐந்து லட்சம்தான் நான். படித்த பிள்ளைகள் வந்தால் இந்தக் கணக்கைக் காட்டி டைரக்டில் போகச் சொல்லியிருக்கிறேன், நாலைந்து பேர் போயும் இருக்கிறார்கள். இட்லிக் கடை அக்காவை எப்படி அனுப்புவது?

அக்காவுக்கு ஏற்கனவே ஒரு சேமிப்பு இருக்கிறது, தீபாவளி சீட்டு. மாசம் ஐந்நூறு, பன்னிரண்டு மாசம், தீபாவளிக்கு முந்தின வாரம் ஆட்டோவில் வந்து இறங்கும்: எவர்சில்வர் அண்டா, ஒரு வெள்ளிக்காசு, அஞ்சு லிட்டர் எண்ணெய், மளிகை, ஸ்வீட் பாக்ஸ், பட்டாசு பாக்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் கட்டின ஆறாயிரத்துக்குச் சமமாக வந்தாலே அதிகம். செய்யாறு, ஆரணிப் பக்கமெல்லாம் இப்படிச் சீட்டு கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. ஆனாலும் அண்டாவைத் தட்டிப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள். சீட்டு பிடிக்கிற அம்மா மாசாமாசம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார், ஒரு மாசம் முடியவில்லை என்றால் "அடுத்த மாசம் சேர்த்துக் குடு கண்ணு" என்று போவார். எங்கள் ஃபண்ட் பக்கம் என்ன நடக்கும்? ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபி, அதாவது மாசாமாசம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிற தவணை, தேதியன்று கணக்கில் நானூற்று எண்பது இருந்தால் திரும்பிப்போகும், அதற்கு பேங்க் அபராதம் ஜிஎஸ்டியோடு 295 ரூபாய். பிடித்தது பேங்க், திட்டு எனக்கு. ஏழைக்குச் சேமிப்பு சொல்லித்தருகிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த 295 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் இன்னொரு கதை. வட்டி வேண்டாம் என்பவர்கள் நிறைய, அதனால் டெபாசிட்டும் கிடையாது, பணம் நிலத்திலும் நகையிலும் வியாபாரத்திலும்தான். வட்டித் தொழில், மது இதெல்லாம் இல்லாத பங்குகளை மட்டும் வாங்குகிற ஃபண்ட் இருக்கிறது, டாடா எத்திகல் மாதிரி, என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். இவ்வளவு வருஷமாக அங்கே யாரும் போய்ச் சொல்லாததுதான் எனக்கு ஆச்சரியம்.

தொழில் வளரவில்லை என்று சொல்ல முடியாது. எல்லா ஃபண்டிலும் இருக்கிற மொத்தப் பணம் 2014 மே மாசம் முதன்முதலாக 10 லட்சம் கோடியைத் தொட்டது, 2023 டிசம்பரில் 50 லட்சம் கோடி. 2024 அக்டோபரில் எஸ்ஐபி மட்டும் ஒரே மாசத்தில் 25 ஆயிரம் கோடியைத் தாண்டியது. பெரிய எண்கள்தான், ஆனாலும் பேங்க் டெபாசிட் 200 லட்சம் கோடிக்கு மேல் கிடக்கிறது. பணத்தில் பெரும்பகுதி முப்பது பெரிய நகரங்களிலிருந்து வருகிறது, மகாராஷ்டிரா மட்டுமே பத்தில் நாலு பங்கு. அந்த முப்பதில் வேலூர் இல்லை. தொழிலின் பாஷையில் நாங்கள் 'பி-30', முப்பதுக்கு அப்பால். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வடகிழக்கு மாநிலத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ஆள் வருகிறார்கள், மண்டித் தெருவில் ஒரு நாளைக்குப் புரள்கிற பணத்துக்கு அளவில்லை, நாங்கள் அப்பால்.

சரி, அக்கா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். காலண்டர் தாளை வாங்கி நாலாக மடித்து கல்லாவில் வைத்துக்கொண்டார். "எறங்கினா எனக்குச் சொல்லாத, பயந்துடுவேன். ஓடினா மட்டும் முன்னாடியே சொல்லு" என்றார். மாசம் ஆயிரம், தீபாவளி சீட்டும் தொடரும், அதை விடமாட்டாராம். செக்கில் அவரே கையெழுத்துப் போட்டார், நான் படம் எடுத்துக்கொண்டேன், ஊதினால் மாவு பறந்தது.

கேஒய்சியில், அதாவது ஆள் அடையாளம் சரிபார்ப்பதில், வந்து நின்றது. ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பெண்கள். திங்கட்கிழமை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போகிறேன். காலை ஒன்பதரைக்கே டோக்கன் தீர்ந்துவிடுமாம், அதனால் அன்றைக்கு இட்லிக் கடை லீவு. போர்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.